ஒன்பது வினாடி வாசகர்

திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு இரண்டு தாள் அச்செடுத்துக்கொண்டு போவேன். முதல் தாளில் அந்த வாரம் அதிகம் பார்க்கப்பட்ட பக்கங்கள். இரண்டாவதில் பவுன்ஸ் ரேட், அதாவது வந்த பக்கத்தோடு சரி, வேறெதையும் தொடாமல் வெளியேறியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு. 2017-ல் ஒரு திங்கட்கிழமை, விளம்பரப் பிரிவுத் தலைவர் இரண்டாம் தாளை உருவி, முதல் வரியைப் பேனாவால் தட்டினார். இன்றைய பஞ்சாங்கம். பத்தில் ஒன்பது பேர் வந்த வழியே போயிருந்தார்கள்.

"என்ன தம்பி இது, வர்றவன் எல்லாம் வாசப்படியோட திரும்பிப் போறான்? ரெண்டு நிமிஷமாவது உட்கார வைக்க வேணாமா?"

ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தார். "சரி சார், பண்ணிடலாம்" என்று சொல்லிவிட்டேன். பதின்மூன்று வருடம் இந்த எண்களோடு புழங்கியவன் சொல்லியிருக்கக் கூடாத பதில்.

நான் இந்த வேலைக்கு வந்தது 2004-ல். சென்னையில் ஒரு தமிழ் வார இதழின் இணையப் பிரிவு. பிரிவு என்றால் இரண்டு மேசை, மூன்று கம்ப்யூட்டர், ஒரு மின்விசிறி. சர்வர் நிறுவனத்தார் மாதம் ஒருமுறை வெபலைசர் என்ற மென்பொருள் போட்டுத் தரும் அறிக்கையைக் காட்டுவார்கள். பச்சையும் நீலமுமாகக் கம்பி கம்பியாக நிற்கும். அதில் எல்லோரும் பார்த்தது ஒரே ஒரு எண்ணை: ஹிட்ஸ். சர்வரிடம் எந்தக் கோப்பைக் கேட்டாலும் அது ஒரு ஹிட். ஒரு பக்கத்தில் இருபது படம் இருந்தால் பக்கம் ஒன்று, படம் இருபது, ஆக ஒருவர் ஒருமுறை எட்டிப் பார்த்தாலே இருபத்தோரு ஹிட். எங்கள் முகப்பு லோகோவை வடிவமைப்பாளர் ஏழு துண்டாக வெட்டிப் போட்ட மாதம் ஹிட்ஸ் எகிறியது. வாசகர் கூடியதாக நினைத்து முதலாளி எல்லோருக்கும் பக்கோடா வாங்கிக் கொடுத்தார். அந்த எகிறலுக்குக் காரணம் லோகோ என்று தெரிந்தவர்கள் வடிவமைப்பாளரும் நானும் மட்டும்தான். இரண்டு பேரும் பேசாமல் பக்கோடா தின்றோம்.

தலைப்புகளை வைத்து எந்தக் கட்டுரை ஓடியது என்று பார்க்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. அப்போது ஒவ்வொரு தமிழ்ப் பத்திரிகைக்கும் ஒரு சொந்த எழுத்துரு. அந்த எழுத்துரு இல்லாத இடத்தில் தலைப்பெல்லாம் ஆங்கில எழுத்தும் கொம்பும் புள்ளியுமாகக் கொட்டிக் கிடக்கும். யூனிகோடு வந்துதான் அறிக்கையில் தமிழைத் தமிழாகப் பார்த்தோம்.

கூகுள் 2005-ல் சான் டியாகோவிலிருந்த அர்ச்சின் என்ற நிறுவனத்தை வாங்கி, அந்த வருடம் நவம்பரில் அதன் மென்பொருளைக் கூகுள் அனலிட்டிக்ஸ் என்ற பெயரில் இலவசமாகத் திறந்துவிட்டது. கூட்டம் தாங்காமல் கொஞ்ச நாள் புதியவர்களைச் சேர்ப்பதையே நிறுத்திவைத்தார்கள். நாங்கள் பிறகுதான் நுழைந்தோம். இன்றைக்கும் விளம்பர இணைப்புகளின் வாலில் 'யூடிஎம்' என்று ஒட்டுகிறோமே, அதில் முதல் எழுத்து அந்த அர்ச்சின்தான். கடை கைமாறியும் பழைய போர்டு மாறவில்லை.

அனலிட்டிக்ஸ் வந்ததும் ஹிட்ஸ் ஒழிந்தது. அதன் இடத்தில் 'பக்கத்தில் இருந்த நேரம்' என்று ஒன்று வந்து உட்கார்ந்தது. மணி, நிமிடம், வினாடி என்று காட்டுவதால் அதை யாரும் சந்தேகிப்பதில்லை. நானும் சில வருடம் சந்தேகிக்கவில்லை. எங்கள் தொடர்கதை எழுத்தாளர் ஒருவர், மூத்தவர், ஒருநாள் என் மேசைக்கே வந்தார். "என் அத்தியாயத்தை எத்தனை பேர் கடைசி வரைக்கும் படிச்சாங்கன்னு பார்த்துச் சொல்லுங்க தம்பி." பார்த்தேன். சராசரி நேரம் சில வினாடிகள்தான் காட்டியது. அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. "அறிக்கை இன்னும் வரலை சார்" என்று அனுப்பிவிட்டு, அன்றிரவு உட்கார்ந்து அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று தேடிப் படித்தேன்.

விஷயம் இதுதான். அந்தக் காலத்து அனலிட்டிக்ஸுக்கு வாசகர் பக்கத்தைத் திறந்த நேரம் தெரியும், மூடிய நேரம் தெரியாது. ஒருவர் 10.00 மணிக்கு ஒரு செய்தியைத் திறக்கிறார். 10.04-க்கு அங்கிருந்து தொடர்கதைக்குப் போகிறார். பன்னிரண்டு நிமிடம் ரசித்துப் படித்துவிட்டு ஜன்னலை மூடிவிட்டுப் போகிறார். செய்திக்கு நான்கு நிமிடம் எழுதப்படும். தொடர்கதைக்கு? அடுத்த பக்கம் திறந்தால்தானே கழித்துப் பார்க்க முடியும்? கணக்கில் எதுவும் ஏறாது. யாருடைய எழுத்து ஒருவரின் கடைசி வாசிப்பாக அமைகிறதோ, அவருடைய எழுத்துக்கு நேரமே இல்லை. சராசரி போடும்போது அப்படி வெளியேறியவர்களை விட்டுவிட்டுத்தான் வகுப்பார்கள். ஆக, தொடர்கதைக்கு நான் பார்த்த அந்தச் சில வினாடிகள், கதையைப் பாதியில் விட்டு வேறு பக்கத்துக்குத் தாவியவர்களுடையவை. முழுக்கப் படித்தவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. மறுநாள் எழுத்தாளரிடம் போய் இதைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்ப படிச்சவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியாது, படிக்காதவங்களைத்தான் தெரியும், அப்படித்தானே?" என்றார். அப்படித்தான் சார்.

இதைவிடப் பெரிய அசடு ஒன்று வழிந்தேன். தளத்தின் வடிவத்தைப் புதுப்பித்து ஏற்றிய மறுநாள் பவுன்ஸ் ரேட் தலைகுப்புற விழுந்தது. அதுவரை இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. புது வடிவம் வாசகரைக் கட்டிப் போட்டுவிட்டது என்று மேலே இருந்தவர்கள் சொன்னார்கள். நானும் அந்த வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினேன். மூன்றாம் நாள் ஒரு சின்ன உறுத்தல். ஒரு வருகைக்கு எத்தனை பக்கம் என்ற எண் கிட்டத்தட்ட இரண்டு மடங்காகியிருந்தது. ஆனால் ஒரு வருகை எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பது மட்டும் அசையவே இல்லை. இரண்டு மடங்கு பக்கத்தை அதே நேரத்தில் எப்படிப் படிப்பார்கள்? இன்னொன்றும் கண்ணில் பட்டது. தனியுரிமைக் கொள்கைப் பக்கம். சட்டத்துக்காக வைத்திருக்கும் அந்தப் பக்கத்தில்கூட பவுன்ஸ் ரேட் பாதாளத்தில் கிடந்தது. அதை யார் ரசித்துப் படித்து அடுத்த பக்கத்துக்குப் போவார்கள்?

இரவு, எல்லோரும் போன பிறகு ரியல்டைம் திரையைத் திறந்து வைத்துக்கொண்டு, என் போனில் பழைய செய்தி ஒன்றை ஒரே ஒருமுறை திறந்தேன். திரையில் அந்தப் பக்கத்துக்கு இரண்டு பார்வை விழுந்தது. கணக்கெடுக்கும் கோட் பழைய இடத்திலும் இருந்தது, டேக் மேனேஜர் என்ற கருவி வழியாக இன்னொருமுறையும் ஏறியிருந்தது. ஒருவர் ஒரு பக்கத்தைத் திறந்தாலே இரண்டு பக்கம் பார்த்ததாகக் கணக்கு. இரண்டு பார்த்தவர் பவுன்ஸ் ஆகமாட்டார். சுவரிலிருந்து அந்தத் தாளை அன்றிரவே கிழித்தேன். செல்லோ டேப்போடு கொஞ்சம் சுண்ணாம்பும் வந்தது. அந்தப் பொத்தல் அங்கே ரொம்ப நாள் இருந்தது. அதற்குப் பிறகு, ஒரு எண் திடீரென்று நன்றாகிவிட்டால் முதலில் கோட் சரியா என்றுதான் பார்ப்பேன். கெட்டுப்போனால் எல்லோருமே போய்ப் பார்ப்பார்கள். நன்றாகிவிட்டால்தான் ஒருவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

இத்தனையும் பட்டவன்தான் பஞ்சாங்கப் பக்கத்துக்கு "பண்ணிடலாம்" என்றேன். செய்ததும் நானே. ஒரே பக்கத்தில் இருந்த திதி, நட்சத்திரம், நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம், குளிகை எல்லாவற்றையும் மூன்று பக்கமாகப் பிரித்தேன். முதல் பக்கத்தில் தேதியும் ராசியும், ராகு காலம் வேண்டுமென்றால் 'மேலும்' என்பதைத் தட்ட வேண்டும். முதல் மாதம் அறிக்கை ஜொலித்தது. பக்கப் பார்வை கூடியது, நேரம் கூடியது, பவுன்ஸ் ரேட் இறங்கியது. இந்த முறை கோட்கூடச் சரியாகவே இருந்தது. விளம்பரத் தலைவர் கேன்டீனில் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

அறிக்கையின் ஒரு மூலையில், ஒருவர் எத்தனையாவது தடவை வருகிறார், கடைசியாக வந்து எத்தனை நாளாகிறது என்று காட்டும் அட்டவணை ஒன்று உண்டு. கூட்டத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கும் அதைப் பார்க்கும் பழக்கம் இல்லை. ஏதோ தேடப்போய் அதைத் திறந்தேன். அன்றாடம் தவறாமல் வந்துகொண்டிருந்தவர்கள் வாரத்துக்கு வாரம் தேய்ந்துகொண்டிருந்தார்கள். காலை 6 மணிக்கும் 7.30-க்கும் நடுவே வரும் கூட்டத்தில் பெரிய ஓட்டை.

யோசித்துப் பார்த்தால் எவ்வளவு எளிது! செவ்வாய்க்கிழமை ராகு காலம் 3 மணி முதல் 4.30 வரை. பத்திரப்பதிவுக்குக் கிளம்பும் ஒருவர், பெண் பார்க்கப் போகும் ஒரு குடும்பம், புது வண்டியைக் கடையிலிருந்து எடுக்க நிற்கும் ஒருவர், போனைத் திறக்கிறார். ஒரே ஒரு வரி வேண்டும். பார்த்தாயிற்று, போனைப் பைக்குள் போட்டாயிற்று. அவர் வாசலோடு திரும்பி ஓடவில்லை, வந்த வேலை முடிந்து போனார். எங்கள் போட்டிப் பத்திரிகை அல்ல அவருக்கு மாற்று. சுவரில் தொங்கும் தினசரி நாள்காட்டிதான் மாற்று, அதில் 'மேலும்' என்பதைத் தட்ட வேண்டியதில்லை. நாங்கள் அவரை நாள்காட்டிக்கே திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தோம்.

பழையபடி ஒரே பக்கமாக்கினேன். இன்னும் கொஞ்சம் போய், நல்ல நேரத்தையும் ராகு காலத்தையும் விளம்பரத்துக்கு மேலே, திறந்ததும் தெரிகிற இடத்தில் வைத்தேன். அதற்கு நடந்த சண்டை தனிக் கதை. பவுன்ஸ் ரேட் பழைய உயரத்துக்கே ஏறியது. காலைக் கூட்டம் முழுசாகத் திரும்பி வர அரை வருடம் பிடித்தது.

அதிலிருந்து என் எக்செல் தாளில், மென்பொருள் தராத ஒரு பத்தியைக் கையால் சேர்த்துக்கொண்டேன். அதன் தலைப்பு 'வந்த வேலை'. ஒவ்வொரு வகைப் பக்கத்துக்கும் எதிரே இரண்டு மூன்று சொல்லில் எழுதுவேன். பஞ்சாங்கம்: பார்த்துவிட்டுப் போக. தங்கம் விலை: நேற்றோடு ஒப்பிட. தொடர்கதை: உட்கார்ந்து படிக்க. சமையல்: நின்றுகொண்டே படிக்க. இதை நிரப்பாமல் நேரத்தையோ பவுன்ஸ் ரேட்டையோ பார்ப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கூட்டத்தில் கேலி செய்தார்கள். செய்யட்டும்.

சமையலுக்கு எதிரே அப்படி எழுதியதற்குக் காரணம் அதிரசம். 2021 தீபாவளி. சமையல் பகுதியைப் பார்த்துக்கொண்ட அக்காவின் அதிரசப் பக்கம், நேரத்தில் தளத்திலேயே முதலிடம். அக்காவுக்கு ஒரே பெருமை. "பாருங்க, எங்க பாட்டி கதையை எல்லாரும் எவ்வளவு ரசிச்சுப் படிக்கிறாங்க." செய்முறைக்கு முன்னால் பாட்டி வீட்டு அடுக்களை பற்றி நான்கு பத்தி எழுதியிருந்தார். நன்றாகவே எழுதியிருந்தார்.

அதற்கு முந்தைய வருடம்தான் மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்ற கருவி இலவசமாக வந்திருந்தது. வாசகர் யாரென்று அதில் தெரியாது, பக்கம் மேலும் கீழும் நகர்ந்த விதத்தையும் தட்டிய இடங்களையும் படமாக ஓட்டிக் காட்டும். ஒரு மதியம் முழுக்க அக்காவும் நானும் அந்தப் பதிவுகளை வரிசையாக ஓட்டிப் பார்த்தோம். முதல் வாசகர்: பாட்டி கதை சர்ரென்று மேலே போகிறது. தேவையான பொருட்களில் நிற்கிறது. கீழே பாகு காய்ச்சும் இடம். அங்கே கொஞ்சம் நின்று, திரும்ப மேலே பொருட்களுக்கு. மறுபடி பாகு. மறுபடி மேலே. அடுத்த வாசகரும் அப்படியே. ஆறேழு பேரைப் பார்த்த பிறகு அக்கா, "ஏன் இப்படி ஏறி ஏறி இறங்குறாங்க?" என்றார்.

செய்முறையை இருவரும் சேர்ந்து உரக்கப் படித்தோம். 'வெல்லத்தைக் கரைத்து வடிகட்டி, பாகு பதம் வந்ததும் மாவைச் சேர்க்கவும்.' எவ்வளவு வெல்லம் என்று அந்த வரியில் இல்லை, மேலே பட்டியலில் இருக்கிறது. எவ்வளவு தண்ணீர் என்பதும் அங்கேதான். என்ன பதம் என்பது எங்குமே இல்லை. அடுப்பில் பாகு கொதிக்கிறது. கையெல்லாம் மாவு. திரை அணைந்து அணைந்து போகிறது, புறங்கையால் தட்டி எழுப்புகிறார்கள். அந்த நிலையில் மேலே போய் அளவைப் பார்த்துவிட்டு இறங்கி வர வேண்டும். நாங்கள் ரசனை என்று கணக்கில் எழுதியது அவர்களின் தவிப்பை. பாகு ஒரு நிமிடம் தாண்டினால் அதிரசம் கல்லாகிவிடும். அந்தப் பக்கத்தில் எத்தனை நிமிடம் இருந்தார்கள் என்று நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தோம்.

அன்றைக்கே மாற்றி எழுதினோம். வெல்லம், தண்ணீர் அளவைப் பாகு வரியிலேயே அக்கா திரும்பக் கொடுத்தார். 'ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டால் கரையாமல் திரள வேண்டும், விரலால் உருட்ட வரவேண்டும்' என்று பதத்தைச் சொன்னார். பக்கத்திலேயே கிண்ணத்தில் உருண்டை கிடக்கும் படம். பாட்டி கடைசிக்குப் போனார். அதில் மட்டும் அக்காவுக்கு வருத்தம்.

எதிர்பார்த்தபடி சராசரி நேரம் இறங்கியது, முதலிடமும் போனது. ஆனால் அதிரசம் ஒரே மூச்சில் செய்கிற பலகாரம் அல்ல. பச்சரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் போகும் முன் இடித்து, பாகில் கிளறி, ஒரு நாளாவது மூடி வைத்து, அதற்குப் பிறகுதான் எண்ணெய்ச் சட்டி. அனலிட்டிக்ஸோ 30 நிமிடம் அசைவில்லாவிட்டால் ஆள் போய்விட்டதாக முடிவு கட்டிவிடும். ஆக ஒருத்தி ஒரு தடவை அதிரசம் சுட்டால் எங்களுக்கு அது நாலைந்து வருகை. அப்படி மறுநாள் திரும்பி வந்து, எண்ணெயில் போடும் இடத்தில் நின்றவர்கள் முன்பைவிடக் கூடியிருந்தார்கள். பாகில் தோற்றவர் மறுநாள் ஏன் வரப்போகிறார்? அந்த மறுநாள் கூட்டத்தில் சிலர் கீழே பாட்டி கதை வரைக்கும் போய் நிதானமாக நின்றிருந்தார்கள். இதை அக்காவுக்குப் படம் எடுத்து அனுப்பினேன்.

இதே பக்கத்தால் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. தீபாவளிக்கு முந்தைய வாரம் 'டைரக்ட்' என்ற வழியில் வந்தவர்கள் குவிந்தார்கள். டைரக்ட் என்றால் முகவரியை நேரே தட்டி வந்தவர்கள் என்பது மேலே இருப்பவர்களின் நம்பிக்கை. "நம்ம பேருக்கு அவ்வளவு மவுசு" என்றார் ஒருவர். இணைய முகவரியில் தமிழ் எழுத்து இருந்தால் கணினிகள் தங்களுக்குள் அதை விழுக்காட்டுக் குறியும் இ-0, ஏ-இ என்ற எழுத்தெண்களுமாக மாற்றித்தான் பேசிக்கொள்ளும். அதிரசம் என்ற ஐந்தெழுத்துச் சொல் அப்படி மாறினால் 63 குறிகள் நீளம். அதை எந்த வீட்டில் யார் உட்கார்ந்து தட்டுவார்கள்? குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் அத்தையிடமிருந்து சித்திக்கும் சித்தியிடமிருந்து நாத்தனாருக்கும் போய்க்கொண்டிருந்த இணைப்பு அது. அங்கிருந்து வருகிறவர்கள் எங்கிருந்து வந்தோம் என்ற சீட்டு இல்லாமல் வருவதால் எல்லோரும் டைரக்ட் தொட்டியில் விழுகிறார்கள். தி அட்லாண்டிக் இதழில் அலெக்சிஸ் மாட்ரிகல் 2012-லேயே இதற்கு 'டார்க் சோஷியல்' என்று பெயர் வைத்துவிட்டார். எங்கள் கூட்டத்தில் அது மவுசு என்ற பெயரில் இன்னும் கொஞ்ச காலம் நடமாடியது.

2023 ஜூலை 1 அன்று பழைய அனலிட்டிக்ஸ் கணக்கெடுப்பதை நிறுத்தியது. அதற்குப் பதில் வந்த ஜிஏ-4, வாசகரின் திரையில் பக்கம் உண்மையிலேயே கண்முன் இருந்த நேரத்தை மட்டும் எண்ணுகிறது. தொடர்கதை எழுத்தாளர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். பவுன்ஸ் ரேட் என்ற பெயரும் இருக்கிறது, ஆனால் உள்ளே ஆள் வேறு. 10 வினாடிக்கு மேல் இருந்தாலோ, இரண்டு பக்கம் பார்த்தாலோ, நாம் முக்கியம் என்று குறித்துவைத்த ஒன்றைச் செய்தாலோ அது ஈடுபாடுள்ள வருகை. மற்றதெல்லாம் பவுன்ஸ். பழைய எண்ணையும் புதிய எண்ணையும் ஒரே கோட்டில் ஒட்டி வரைந்து "பிரமாதமா இறங்கியிருக்கே" என்று ஒருவர் கொண்டுவந்தார். நான் சுவரில் இருந்த பொத்தலைப் பார்த்தேன்.

பஞ்சாங்கப் பக்கத்தின் சராசரி நேரம் புதிய கணக்கில் 9 வினாடி. அந்த 10-ஐ வேண்டுமானால் 60 வரை உயர்த்திக்கொள்ள அமைப்பில் வசதி உண்டு, இறக்க வழியில்லை. ஆகவே தினமும் காலையில் தவறாமல் வந்து ராகு காலம் பார்க்கும் அந்த மனிதர், ஒரு வினாடி குறைவதால், இன்றுவரை ஈடுபாடற்றவர். அவருக்கு இது தெரியாது.

பழைய தரவுகளை 2024 ஜூலை 1-க்குப் பிறகு பார்க்க முடியாது என்று கூகுள் முன்பே அறிவித்திருந்தது. ஜூன் மாதம் முழுக்க, வேண்டியதை எக்செல்லில் இறக்கிச் சேமிக்கும் வேலை. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் உதவிக்கு வந்தாள். வேகமான கை. கோப்புகளைத் திறந்து, குப்பை வரிகளை நீக்கி, வருடவாரியாக அடுக்கிக்கொண்டே வந்தாள். 2021 கோப்பில் நின்றாள்.

"சார், இதுல ஒரு வரி முழுக்க பர்சன்டேஜ் குறியா வருது. ஏதோ எரர் போல. டெலீட் பண்ணிடட்டுமா?"

எட்டிப் பார்த்தேன்.

"எரர் இல்லம்மா, அது அதிரசம்."